எலும்பு ஒட்டுத் துகள் உதிர்வது பற்றி

பல் எடுத்த இடத்தில் எலும்பு ஒட்டு (bone graft, புது எலும்பு வளர வைக்கும் துகள்கள்) வைத்து 5 நாளில் வாயில் மணல் மாதிரி துகள் வருகிறது, எல்லாம் வீணா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். ஆரம்பத்தில் மேலாக இருக்கும் துகள்கள் கொஞ்சம் உதிர்வது சகஜம்.

அந்தத் துகள்கள் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான். உங்கள் தாடையின் செல்களே அதற்குள் புகுந்து புது எலும்பை வளர்க்கின்றன. ஈறு அதைவிட வேகமாக வளர்ந்து இடத்தைப் பிடித்துவிடும்; அதைத் தடுக்கத்தான் மேலே சவ்வு வைக்கிறார்கள். புது எலும்பு உறுதியாகும் வரை 4 முதல் 6 மாதம் காத்திருக்க உங்கள் மருத்துவர் சொன்னதும் சரிதான்.

இப்போதைக்கு வேகமாகக் கொப்பளிக்காதீர்கள், நாக்கால் தடவிப் பார்க்காதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள், புண் ஆறுவதை அது ரொம்பவே கெடுக்கும். அப்புறம், துகள் நிறையக் கொட்டினாலோ, சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.