வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் பணியாளர் தன் மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களோடு பேசிப் பேசித் தூக்கமே வரவில்லை, எனக்கு மன உறுதி போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக அப்படி இல்லை. பிறர் பட்ட கொடுமையைத் திரும்பத் திரும்பக் கேட்பவரின் மனதிலும் அந்தக் காயம் படியும். மெக்கன், பேர்ல்மன் என்ற உளவியலாளர்கள் 1990-லேயே இதை விளக்கி எழுதினார்கள். வேலைச் சோர்வு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை நோயாக அல்லாமல் தொழில் சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது. இரண்டும் சேர்ந்தே வரலாம்.

கேட்ட காட்சி கண்முன் வந்து நிற்பது, போன் அடித்தாலே நெஞ்சு படபடப்பது, எதிரில் ஒருவர் அழுதும் மனம் மரத்துக் கிடப்பது எல்லாம் ஆரம்ப அறிகுறிகள். கடினமான அழைப்பு முடிந்ததும் உடனே அடுத்ததை எடுக்காதீர்கள். எழுந்து நில்லுங்கள், பாதம் தரையில் அழுந்துவதை உணருங்கள், முகம் கழுவுங்கள். அப்புறம், சக ஊழியரிடம் மனம் விட்டுப் பேசும்போது கொடூர விவரங்கள் வேண்டாம். உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும்.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் ஒருவர் தலையில் அளவுக்கு மீறிய வழக்குகளைக் கட்டிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொல்வது நியாயமே இல்லை. வழக்குகளுக்கு வரம்பு, மேற்பார்வையாளருடன் தவறாத சந்திப்பு, தொந்தரவில்லாத விடுப்பு ஆகியவற்றை உரிமையோடு கேளுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.