மெலோடிராமா காலத்து நாடகப் போஸ்டர்களின் ஆர்ட் பிரிண்ட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். (மெலோடிராமா என்றால் பரபரப்பும் உணர்ச்சியும் தூக்கலான நாடகவகை.) ஆனால் வாங்குவதற்கு முன்னால் அது எந்த நாடகம், போஸ்டரில் இருப்பது எந்தக் காட்சி என்று தேடிப் பார்த்துவிடுங்கள். அது தெரிந்தபின் அந்தப் படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

என் மேசைக்கு மேலே இருப்பது ‘தி வார் ஆஃப் வெல்த்’ நாடகத்தின் போஸ்டர். சி. டி. டேஸி எழுதியது, 1896-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் நடந்தது. போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க ஒரு பெருங்கூட்டம் வங்கி முன்னால் முண்டியடிக்கிறது. 1893-இல் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி வந்து நூற்றுக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டிருந்தன. மூன்றே வருஷம் கழித்துத் தெருச் சுவரில் இதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு கூட்டத்தில் நின்றிருப்பார்கள்! அந்த நினைப்போடு பார்த்தால் படத்திலிருக்கும் ஒவ்வொரு முகத்திலும் நின்று போக வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்து அமெரிக்க மெலோடிராமாவில் பெரும்பாலும் நாடகம் முழுவதையும் ஒரே ஒரு பெரிய காட்சி தாங்கி நிற்கும். ஆகஸ்டின் டேலியின் ‘அண்டர் த கேஸ்லைட்’ (1867) நாடகத்தில் அது ரயில் தண்டவாளம். தண்டவாளத்தில் கட்டிப்போடுவது என்றாலே கட்டுண்டு கிடப்பது பெண் என்றுதான் நமக்குத் தோன்றும். இதில் கட்டுண்டு கிடப்பவர் போரில் ஒரு கையை இழந்த முன்னாள் சிப்பாய். பூட்டிய கொட்டகைக்குள் மாட்டிக்கொண்ட நாயகி லாரா, கோடரியால் கதவைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவரைக் காப்பாற்றுகிறாள். ஜோசப் ஆர்தரின் ‘புளூ ஜீன்ஸ்’ (1890) நாடகத்தில் மரம் அறுக்கும் மில். சுழலும் ரம்பத்தை நோக்கி நகர்பவன் நாயகன், கதவை உடைத்து வந்து மீட்பவள் நாயகி. 1899-இல் மேடையேறிய ‘பென்-ஹர்’ நாடகத்தில் நிஜக் குதிரைகள் மேடைத் தளத்தில் பதித்த ஓடும் பட்டைகளின் மேல் பாய்ந்தன. பின்னால் திரைச்சீலை எதிர்த்திசையில் நகர்ந்தது.

போஸ்டர்காரர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது இந்தக் காட்சிகளைத்தான், அதுவும் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நொடியை. மீட்பைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். அதைப் பார்க்க டிக்கெட் வாங்கி உள்ளே வர வேண்டும். பத்து, இருபது, முப்பது சென்ட் டிக்கெட்டுக்கு ஊர் ஊராகப் போன கம்பெனிகளுக்குப் போஸ்டர்தான் உயிர். ஏ. எச். வுட்ஸ் என்ற தயாரிப்பாளர் போஸ்டரை முதலில் கையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற நாடகத்தை அப்புறம் எழுதச் சொன்னார் என்றுகூடச் சொல்வார்கள். அந்தத் தொழில் நடந்த விதத்தைப் பார்த்தால் எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

சரி, பிரிண்டுக்கு வருவோம். இந்தப் போஸ்டர்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தவை. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால் மை பசையில் மட்டும் ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு நல்ல பிரிண்டில் கன்னத்தை மட்டும் உற்றுப் பாருங்கள்: தோல் நிறம் என்று ஒரே பூச்சு இருக்காது. இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலப் பொடிப்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தூவியிருக்கும். உதட்டோரத்தில் சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருக்கும். அந்தப் புள்ளிகளெல்லாம் கையால் வரைந்த கலைஞர்களின் வேலை. அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் போஸ்டரில் கிடையாது.

இப்போது சிலர் கணினியில் ‘தெளிவாக்கி’ விற்கும் பிரிண்டுகளில் இந்தப் பொடிப்புள்ளிகள்தான் முதலில் அழிந்துபோகின்றன. முகம் மெழுகுபோல வழவழவென்று ஆகிவிடுகிறது. விற்பவரிடம் முகத்தைப் பெரிதாக்கிய படம் ஒன்று கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். மடிப்புக் கோடும் லேசான பழுப்பும் இருப்பது எனக்குக் குறையாகத் தெரிவதில்லை. கிழிசலைச் சரிசெய்ததுவரை சரி, பழைய காகிதத்தைப் பளீர் வெள்ளையாக்கினால் நிறங்களின் சமநிலையே கெட்டுவிடும்.

அடி ஓரத்தையும் பாருங்கள். சின்சினாட்டியின் ஸ்ட்ரோப்ரிட்ஜ் போன்ற அச்சகங்கள் தங்கள் பெயரையும் காப்புரிமை ஆண்டையும் அங்கே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்த வரியை வெட்டிய பிரிண்டை நான் வாங்குவதில்லை. ஒட்டிக் கிழித்தெறியப்படும் இந்தக் காகிதங்களில் பல இன்று நல்ல நிலையில் கிடைப்பதற்கே அந்தக் காப்புரிமைதான் காரணம். பதிவுக்காக அச்சகங்கள் கொடுத்த பிரதிகள் வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் தங்கிவிட்டன. விளம்பரப் படத்துக்கெல்லாம் காப்புரிமையா என்ற சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1903-இல், சர்க்கஸ் போஸ்டர்கள் பற்றிய வழக்கில், உண்டு என்று நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார்.

அந்த உரிமைகளெல்லாம் எப்போதோ காலாவதியாகிவிட்டன. அதனால் அந்த நூலகத்தின் இணையதளத்திலிருந்தே பெரிய கோப்பை இலவசமாக இறக்கி, நல்ல அச்சகத்தில் பருத்திக் காகிதத்தில், எளிதில் மங்காத பிக்மென்ட் மையில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். 20-க்கு 30 அங்குலத்தில் போட அங்குலத்துக்கு 200 பிக்சல் கணக்கில் 4000-க்கு 6000 பிக்சல் இருந்தால் போதும். மேட் காகிதம்தான் பொருத்தம். ‘ஒன் ஷீட்’ எனப்படும் அன்றைய அளவு சுமார் 28-க்கு 42 அங்குலம், அதாவது 2:3. எனவே 20-க்கு 30 அல்லது 24-க்கு 36 எடுத்தால் எதுவும் வெட்டுப்படாது. ஏ2, ஏ3 ஃபிரேமுக்குள் அடைத்தால் தலைப்போ அடிவரியோ போய்விடும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இதே அச்சகங்கள் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்கிய மின்ஸ்ட்ரல் (பெரும்பாலும் வெள்ளையர் முகத்தில் கறுப்பு பூசி நடித்த கேலி நிகழ்ச்சி) போஸ்டர்களையும் குவித்தன. அவை ஆவணமாக இருக்க வேண்டியவைதான். அலங்காரமாக மாட்ட எனக்கு மனம் வராது.

‘ஒரிஜினல்’ என்று யாராவது விற்க வந்தால் ஒரு பூதக்கண்ணாடி போதும். புள்ளிகள் ஒரே ஒழுங்கில், சின்னச் சின்ன வட்டப் பூப்பூவாக அமைந்திருந்தால் அது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு. விலையும் அதற்குத் தகுந்தபடிதான் இருக்க வேண்டும்.