மர மில் டிராலி செயின் எட்டு மாதத்தில் அறுந்துவிடுகிறது. இன்னும் பெரிய செயினுக்கு மாறலாமா?

வாழப்பாடிப் பக்கம் மர மில் எடுத்து நடத்தும் நண்பர் கேட்டிருக்கிறார். புளி, வேம்பு, கருவேலம், மலையிலிருந்து இறங்கும் சில்வர் ஓக் எல்லாம் அறுக்கிறார். கட்டையைப் பேண்ட் சா என்னும் பட்டை வாளுக்குக் கொண்டுபோகும் டிராலியை 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு அங்குலச் செயின் (ஒரு கண்ணியின் நீளம் ஒரு அங்குலம்) வழியாக இழுக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று, அதில் மாட்டியிருக்கும் சின்னப் பற்சக்கரத்தில் 11 பல். செயின் ஆறு மாதத்தில் தொய்கிறது, எட்டாம் மாதம் அறுகிறது. கடைக்காரர் ஒன்றேகால் அங்குலச் செயினுக்கு மாறச் சொல்கிறாராம்.

செயினை விடுங்கள், முதலில் அந்த 11 பல் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில், அடிவாரத்துக்குச் சற்று முன்னால் எங்கள் மில். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வரும் சில்வர் ஓக் லாரிகள் பல எங்கள் வாசலில்தான் மூச்சு விடும். நானும் உங்களைப் போலவே செயினுக்கு அழுதவன்தான்.

கணக்கைப் பாருங்கள். சின்னச் சக்கரம் 60 சுற்றில் ஓடும்போது, 5 குதிரைத்திறன் மோட்டார் முழு பலத்தோடு இழுத்தால் 11 பல்லில் செயின் மேல் விழும் இழுவிசை சுமார் 1,360 கிலோ. அதே இடத்தில் 17 பல் இருந்தால் 880 கிலோதான். மர மில் சுமை சீரானதல்ல. கட்டையில் ஒரு கணு வரும், எப்போதோ யாரோ அடித்த ஆணி வரும். அதனால் ஒன்றரை மடங்கு வைத்துப் பார்ப்பது வழக்கம். 11 பல்லுக்கு இரண்டு டன்னைத் தாண்டுகிறது, 17 பல்லுக்கு 1,320 கிலோவில் நிற்கிறது. ஒரு அங்குலச் செயினுக்குத் தயாரிப்பாளர்களின் பட்டியல்கள் அனுமதிக்கும் வேலைச் சுமை ஏறத்தாழ ஒன்றரை டன். இனி நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

ஒன்றேகால் அங்குலச் செயின் அறுந்துபோகாமல் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் இரண்டு சக்கரங்களையும் மாற்றித்தான் ஆக வேண்டும். பல் குறைவான சக்கரத்தில் செயின் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாகத் துள்ளித் துள்ளிச் சுற்றும். 11 பல்லில் வேகம் நான்கு சதவீதம் ஏறி இறங்கும், 17 பல்லில் அது இரண்டு சதவீதத்துக்கும் கீழ். அந்தத் துள்ளலைப் பெரிய செயின் போக்காது. ஆகவே 17 பல் போடுங்கள். டிராலியின் வேகம் மாறாமலிருக்க செயினின் மறுமுனையிலுள்ள எதிர்ச் சக்கரத்தையும் அதே விகிதத்தில் பெரிதாக்குங்கள்: 33 பல் இருந்தால் 51. சின்னச் சக்கரத்தின் பற்கள் கடினப்படுத்தப்பட்டவையா என்று கேட்டு வாங்குங்கள். அதன் பற்கள்தான் அதிகம் அடிபடும்.

செயின் வாங்கும்போது இன்னொரு கண்ணி வெடி உண்டு. ஒரு அங்குலச் செயினில் அமெரிக்க அளவான 80, பிரிட்டிஷ் அளவான 16பி என்று இரண்டு வகை கடைகளில் கிடைக்கும். கண்ணி இடைவெளி இரண்டிலும் 25.4 மி.மீ., பல்லில் உட்காரும் ரோலரும் ஒன்றே. உள் அகலம் மட்டும் 80இல் 15.75 மி.மீ., 16பியில் 17.02 மி.மீ. 16பிக்கு வெட்டிய சக்கரத்தில் 80ஐ மாட்டினால் சக்கரத்தின் பல், செயினின் பக்கத் தட்டுகளைச் சுரண்டும். கையில் இருப்பது எது என்று காலிப்பர் வைத்துப் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். என் தேர்வு 80எச். மற்ற அளவெல்லாம் 80தான், தட்டின் கனம் மட்டும் 3.2 மி.மீ.க்குப் பதில் 4 மி.மீ. கணுவில் கட்டை திணறும்போது வரும் அடியைத் தாங்குவது அந்தத் தட்டுதான்.

அரைக் கண்ணி மட்டும் போடாதீர்கள். அப்பா மில்லைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் செய்த காரியம் இது. புதுச் செயின் ஒரு கண்ணி எடுத்தால் இறுகியது, விட்டால் தொங்கியது. நான் அரைக் கண்ணி வைத்துச் சரிக்கட்டினேன். "சின்னவரே, இது வளைந்த தட்டு. இழுக்கும்போது நிமிரப் பார்க்கும், வேண்டாம்" என்றார் மேஸ்திரி. படித்தவன் கேட்பேனா? மூன்றாம் வாரம் ஒரு புளியங்கட்டை வாளில் சிக்கியது. தட்டு கிழிந்து, செயின் நுனி தகரக் காப்பில் ஓட்டை போட்டுவிட்டுப் போனது. நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. முழுக் கண்ணியைவிட அரைக் கண்ணி ஐந்தில் ஒரு பங்காவது வலு குறைந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மேஸ்திரி அதற்குப் பிறகும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

இணைப்புக் கண்ணியிலும் கவனம் தேவை. கிளிப் வகையில், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். டிராலி முன்னும் பின்னும் ஓடுகிறதே, எந்தத் திசையைப் பார்ப்பது? கிளிப்பே வேண்டாம், துளையில் செருகி முனையை மடக்கும் காட்டர் பின் வகையை வாங்குங்கள். எவ்வளவு தொய்வு விடுவது என்பதிலும் இதைப் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே நான்கடி இடைவெளி என்றால் ஒன்று முதல் ஒன்றரை அங்குலத் தொய்வு சாதாரண ஓட்டத்துக்குச் சரி. திசை மாறும் ஓட்டத்துக்கு அதில் பாதிதான். கூடுதலாக விட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் சவுக்கால் அடித்த மாதிரி விழும்.

செயின் "நீண்டுவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். இரும்பு நீளவில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின் என்ற ஊசியும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழாயும் உரசித் தேய்கின்றன, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. ஒரு அங்குலச் செயினில் இதை அளப்பது சுலபம்: செயினை இறுக்கிப் பிடித்து, பின் மையத்திலிருந்து பின் மையம் வரை 24 கண்ணிகளை டேப்பால் அளந்தால் புதிதில் சரியாக இரண்டடி. அரை அங்குலம் கூடியிருந்தால் தேய்மானம் இரண்டு சதவீதம், புதுச் செயினுக்கு ஆள் அனுப்பலாம். முக்கால் அங்குலம் கூடும்வரை விடவே கூடாது. நாங்கள் மாதம் ஒருமுறை அளந்து தூணில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைக்கிறோம்.

அந்த உரசலை வேகப்படுத்துவது மரத்தூள். நம் மில்களில் வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைச் செயினில் ஊற்றும் பழக்கம் இருக்கிறதே, அதைப் போல ஒரு அநியாயம் இல்லை. அதில் ஏற்கெனவே உலோகத் துகள் இருக்கிறது. அதோடு தூளும், கட்டைப் பட்டையில் ஒட்டிவரும் செம்மண்ணும் சேர்ந்தால் சாணைக்கல் மாவு தயார். கிரீஸும் உதவாது. வெளியே அப்பிக்கொண்டு நிற்கும், பின் வரை போகாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கம்பிப் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகு, உள் தட்டுக்கும் வெளித் தட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் புது ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சேலம் வெயிலுக்கு எஸ்ஏஇ 40 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) சரி, மார்கழிக் குளிரில் 30 போதும். ரோலர் மேல் ஊற்றினால் தரைக்குத்தான் பலன். கண்ணி மூட்டில் செம்பழுப்புப் பொடி தெரிந்தால் உள்ளே ஆயில் இல்லை என்று பொருள். பச்சைக் கருவேலம் அறுத்த நாளில் துடைக்காமல் விடாதீர்கள். அதன் துவர்ப்புச் சாறு பட்ட இரும்பு கறுத்து அரிக்கும்.

பழைய சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதில் புதுச் செயின் ஏற்றாதீர்கள். அறுந்த செயினில் நான்கு புதுக் கண்ணி சேர்த்து ஓட்டுவதும் வீண், பழையதும் புதியதும் ஒரே இடைவெளியில் பல்லில் உட்காராது.

செயினின் தொய்வைச் சரிசெய்ய, உங்கள் மோட்டார் அடித்தட்டில் நகர்த்துவதற்கு நீள்துளை இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால் 17 பல் சக்கரம் வாங்கும் முன்பே வெல்டரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.