‘ஷேர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பொருள் என்ன? எப்படிப் பயன்படுத்துவது? எங்கிருந்து வந்தது?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு நாங்கள் போடும் மெயிலில் ‘ஷேர்’ இல்லாத மெயில் குறைவு. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

வேரிலிருந்து தொடங்குகிறேன். பழைய ஆங்கிலத்தில் வெட்டு, வெட்டிப் பிரித்த பாகம் என்ற பொருளில் ஒரு பெயர்ச்சொல் இருந்தது. அதுதான் இன்றைய ‘ஷேர்’. ஆட்டு ரோமம் கத்தரிப்பதைச் சொல்லும் ‘ஷியர்’, மண்ணைக் கிழிக்கும் ஏர்க்கொழுவான ‘ப்ளவ்ஷேர்’ இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. குட்டையாக வெட்டியது என்ற வழியில் வந்த ‘ஷார்ட்’, ‘ஷர்ட்’, ‘ஸ்கர்ட்’ கூட அந்தக் குடும்பம்தான். காலையிலிருந்து பொழுது சாய டி-ஷர்ட்டுக்குத் துணி வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெயர்ச்சொல்லாகவே கிடந்தது வினைச்சொல்லாக மாறியது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

தமிழிலும் இதே கதைதான். பகு என்றால் பிளத்தல், பிரித்தல். பகிர், பகுதி எல்லாம் அதைச் சார்ந்தவை. எங்கள் பக்கம் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, கிடா வெட்டினால் இலையில் கறியைக் கூறு போடுவார்கள். எலும்பு, ஈரல், குடல் எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் விழ வேண்டும். வெட்டுவதும் பகிர்வதும் அங்கே ஒரே வேலை.

சிக்கல் இனிமேல்தான். ஆங்கில ‘ஷேர்’ இரண்டு வேறு காரியங்களுக்கு நிற்கிறது. ஒன்று, பிரித்துக் கொடுப்பது. மற்றொன்று, பிரிக்காமலே பலரும் வைத்துக்கொள்வது. இரண்டு பேர் ஒரு ரூமை ‘ஷேர்’ செய்தால் நடுவில் யாரும் சுவர் எழுப்புவதில்லை. தமிழில் முதலாவதற்குப் ‘பங்கு போடு’, ‘பகிர்ந்து கொடு’ சரி. இரண்டாவதற்குக் ‘கூட்டு’, ‘பொது’, ‘சேர்ந்து’ என்றுதான் வாய் தானாகப் போகும்.

காங்கயம் பக்கம் எங்கள் அப்பாருக்கும் (அப்பாவின் அப்பா) அவர் பங்காளிகள் இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. காட்டை வரப்புப் போட்டு மூன்றாகப் பிரித்தாகிவிட்டது. கிணறு மட்டும் கூட்டு. ஆளுக்கு இரண்டு நாள் மோட்டார். ஆறு நாளில் ஒரு சுற்று. மோட்டார் ரூம் சுவரில் யார் முறை என்று கரிக்கட்டியால் கோடு கிழித்திருக்கும். “தண்ணியக் கூறு போட முடியுமா கண்ணு? நாளத்தான் கூறு போடோணும்” என்பார் அப்பாரு. ஒரே கிணற்றில் ‘ஷேர்’ரின் இரண்டு பொருளும் இருக்கின்றன: கிணறு பொது, நாள் பங்கு. கீழ்பவானி வாய்க்காலிலும் இதுதானே நடக்கிறது? 2,07,000 ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் விடாமல், ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு மறு போகம் என்று முறை வைத்துத்தான் தண்ணீர்.

மூன்றாவதாக, மனதில் இருப்பதைச் சொல்வதும் ‘ஷேர்’. 1930களில் ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தார், தங்கள் தவறுகளைப் பிறர் முன் வாய்விட்டுச் சொல்வதை ‘ஷேரிங்’ என்றார்கள். போட்டோவை ‘ஷேர்’ பண்ணுவது கம்ப்யூட்டர் காலத்து நீட்சி. கொடுத்தாலும் குறையாத ஒன்றுக்குப் ‘பகிர்’ பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். பொருந்தும் என்பதே என் கருத்து. துக்கத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று நாம் எப்போதிருந்தோ சொல்லி வருகிறோமே.

பயன்பாட்டில் நம்மவர்கள் தவறுவது ஓர் இடத்தில். ‘ஷேர் மீ த ஃபைல்’ தவறு. ‘ஷேர் த ஃபைல் வித் மீ’ என்பதே சரி. ‘கிவ் மீ’, ‘சென்ட் மீ’ வரும் என்பதால் ‘ஷேர் மீ’ வராது. யாரோடு என்பதற்கு ‘வித்’ வேண்டும். லாபத்திலோ துக்கத்திலோ பங்கெடுக்க ‘ஷேர் இன்’. எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க ‘ஷேர் அவுட்’.

இன்னொன்று, ‘அனுப்பு’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஷேர்’ போடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், கன்டெய்னர் விவரம் நாளை அனுப்புகிறோம் என்ற நினைப்பில் ‘வி வில் ஷேர் த கன்டெய்னர் டுமாரோ’ என்று எழுதிவிட்டார். முழு கன்டெய்னருக்குப் பணம் கட்டியிருந்த பையர், நம் சரக்கோடு வேறு யார் சரக்கை ஏற்றுகிறார்கள் என்று பதறி இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், நாள் முழுக்க எங்கள் எல்லோர் மெயிலிலும் அப்படித்தான் பார்த்திருந்தார். உடனே ‘வி வில் சென்ட் யூ த கன்டெய்னர் டீட்டெய்ல்ஸ்’ என்று திருத்தி அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் ‘தேங்க்ஸ்’ என்று பதில் வந்தது.