பதவி போன எம்.எல்.ஏ. மீதான லஞ்ச வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும்?

பதவி போய்விட்டதால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கு மாறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 12 சிறப்பு நீதிமன்றங்களும் பிறகு வந்தவையும் இந்நாள், முன்னாள் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இருவரையுமே விசாரிக்கின்றன. ஊழல் தடுப்புச் சட்ட வழக்கு என்றால், யாராக இருந்தாலும் அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட சிறப்பு நீதிபதிதான். மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டிய சின்ன வழக்கை, ஆள் அரசியல்வாதி என்பதற்காக செஷன்ஸ் கோர்ட்டுக்குத் தூக்கக் கூடாது; அப்படிச் செய்தால் மேல்முறையீடு செய்ய அவருக்கிருக்கும் ஒரு வாய்ப்பு போய்விடும். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவுபடுத்தியது.

உண்மையான இழுபறி முன் அனுமதியில்தான், அதாவது நீதிமன்றம் வழக்கை ஏற்கும் முன் உரிய அதிகாரியிடம் வாங்க வேண்டிய அனுமதியில். மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அந்துலே வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, எந்தப் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினாரோ அந்தப் பதவியில் இப்போது இல்லையென்றால் அனுமதி தேவையில்லை. முன்னாள்களை வழக்குக்கு இழுக்க அது வசதியாக இருந்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் வந்த 2018 திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது: குற்றம் நடந்தபோது பதவியில் இருந்தவருக்கும் இப்போது பாதுகாப்பு உண்டு. என்னைக் கேட்டால், இது தேவையில்லாத சலுகை.

"சபைக்குள் ஓட்டுப் போட்டதற்குத்தானே வாங்கினேன், அதைக் கேட்க முடியாது" என்ற வாதமும் இனி எடுபடாது. முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவ் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கொடுத்த அந்த விலக்கை, 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக ரத்து செய்தார்கள். பணம் வாங்கிய நொடியிலேயே குற்றம் முடிந்துவிடுகிறது. ஓட்டை எந்தப் பக்கம் போட்டார் என்பது பொருட்டே இல்லை.