டேப்லெட்டில் மாதிரி ரயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாதிரி ரயிலை டேப்லெட் வழியாக ஓட்டுவது பற்றி வந்து சேர்ந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்களின் குறை ஒன்றுதான்: திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது, தண்டவாளத்தில் மட்டும் சரியில்லை. சில பதில்கள் நீளும், சில இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும்.

என்னிடம் இருப்பது குமிழைத் திருகினால் ஓடும் பழைய செட். டேப்லெட்டில் செயலியை இறக்கிக்கொண்டால் அதையே ஓட்டலாமா?

செயலி மட்டும் போதாது. உங்கள் பழைய செட்டில் குமிழைத் திருகும்போது தண்டவாளத்தில் வோல்ட் ஏறி இறங்குகிறது, அதற்கேற்ப மோட்டார் சுற்றுகிறது. பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையில் அப்படியில்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எந்த இன்ஜின், எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்ற கட்டளை அந்த மின்சாரத்திலேயே குறியீடாக ஏறிப் போகும். மின்சாரம் திசை மாறும் இடைவெளிதான் அங்கே எழுத்து. 58 மைக்ரோ விநாடியில் மாறினால் 1. 100 மைக்ரோ விநாடி அளவுக்கு நீண்டால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகை இதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் பொதுத் தரமாக்கியது. ஒரு கம்பெனியின் இன்ஜின் இன்னொரு கம்பெனியின் கருவியில் ஓடுவது அதனால்தான்.

ஆக, இன்ஜினுக்குள் டிகோடர் வேண்டும், தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்ப கமாண்ட் ஸ்டேஷன் வேண்டும். அந்த ஸ்டேஷனோடு வைஃபையில் பேசுவதுதான் டேப்லெட்டின் வேலை. ரோகோவின் இசட்21 போல வைஃபைக்கென்றே வந்த ஸ்டேஷன்கள் இருக்கின்றன. ஏற்கெனவே வைஃபை இல்லாத ஸ்டேஷன் வைத்திருந்தால் அதைக் கணினியில் இணைத்து ஜேஎம்ஆர்ஐ மென்பொருளை ஓட்டுங்கள். அது டேப்லெட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே நின்று பேசும். கையால் செய்து பார்க்கும் ஆசை இருந்தால் ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகையில் டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, தண்டவாளத்துக்கு மின்சாரம் தள்ளும் மோட்டார் ஷீல்டும் வைஃபை சில்லும் சேர்த்து நீங்களே ஒரு ஸ்டேஷன் கட்டலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால் பிறகு வரும் கோளாறுகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

புளூடூத் டிகோடர்கள் மட்டும் விதிவிலக்கு. ஹார்ன்பியின் எச்எம்7000 போன்றவற்றில் டேப்லெட் நேராக இன்ஜினோடு பேசும், தண்டவாளம் மின்சாரம் கொடுத்தால் போதும். ஓரிரண்டு இன்ஜின் உள்ள சின்ன லேஅவுட்டுக்கு (பலகையில் அமைத்த முழு ரயில் பாதைக்கு) அது நல்ல வழி.

அப்புறம் ஒன்று. டிகோடர் இல்லாத பழைய இன்ஜினை டிசிசி பாதையில் நிறுத்தி வைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே ரீங்காரம் போடும், மோட்டார் சூடாகும், கவனிக்காமல் விட்டால் கருகியும் போகும்.

செயலி "இணைக்கப்பட்டது" என்கிறது. ஸ்லைடரைத் தள்ளுகிறேன், இன்ஜின் அசையவே இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வேகத்தை விட்டுவிடுங்கள், முதலில் விளக்குப் பொத்தானைத் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பாதையில் மின்சாரம் இருக்கிறது, எண் சரி, டிகோடரும் கேட்கிறது. குறை மோட்டார் பக்கம். விளக்கும் எரியவில்லை என்றால் செயலியில் தண்டவாள மின்சாரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்டேஷன்கள் ஆன் செய்ததும் தண்டவாளத்துக்கு மின்சாரம் விடுவதில்லை, தனியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எண். புது டிகோடர் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடுதான் வரும். பெட்டியில் வேறு எண் அச்சிட்டிருந்தாலும் முதலில் 3-ஐப் போட்டுப் பாருங்கள். பழைய இன்ஜினை வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளர் என்ன எண் வைத்தாரோ தெரியாது. அதை ப்ரோகிராமிங் பாதையில் (டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் ஸ்டேஷனோடு தனியாக இணைத்த தண்டவாளத் துண்டில்) தனியாக நிறுத்தி, எண்ணைப் படிக்கும்படி ஸ்டேஷனிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இன்ஜினைக் குனிந்து கவனித்தால் ஓர் அழகான விஷயம் தெரியும். நின்ற இடத்திலேயே டிக், டிக் என்று லேசாகத் துடிக்கும். டிகோடருக்குப் பேச வாய் இல்லை, மோட்டாரை ஒரு கணம் இழுத்து மின்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சித்தான் "ஆமாம்" என்று சொல்கிறது. துடிப்பே இல்லை என்றால் மோட்டார் கம்பி விட்டிருக்கலாம், சக்கரம் மின்சாரம் எடுக்காமலும் இருக்கலாம்.

எதுவும் பலிக்காவிட்டால் சிவி 8-ல் 8 என்று எழுதுங்கள். சிவி என்பது டிகோடரின் நினைவில் இருக்கும் எண்ணிட்ட அமைப்பு. பல டிகோடர்களில் இது எல்லாவற்றையும் அழித்து மீண்டும் 3-க்கே கொண்டுவரும். இன்ஜின் ஓடுகிறது, ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்றால் வேகப் படிகள் பொருந்தவில்லை. ஸ்டேஷன் 28 படி அனுப்ப, டிகோடர் 14 படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சிவி 29-ல் அதை மாற்றலாம்.

என் ஆண்ட்ராய்டு போனில் ஸ்டேஷன் தெரிகிறது. ஐபேடில் அதே வைஃபையில் தெரியவே இல்லை.

2020-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 14-லிருந்து (ஐபோனில் ஐஓஎஸ் 14), ஒரு செயலி வீட்டுக்குள் இருக்கும் மற்றக் கருவிகளைத் தேட உங்கள் அனுமதி வேண்டும். முதல்முறை கேட்டபோது வேண்டாம் என்று தட்டியிருப்பீர்கள். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் உள்ளூர் நெட்வொர்க் என்ற இடத்தில் உங்கள் ரயில் செயலியை இயக்கிவிடுங்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டேப்லெட் தொடர்பு அறுந்துவிடுகிறது. ரயில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது! இது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

முதலில் ஏன் ஓடுகிறது என்று பார்ப்போம். ஓட்டுவது டேப்லெட் இல்லை, கமாண்ட் ஸ்டேஷன். நீங்கள் கடைசியாகச் சொன்ன வேகத்தை அது தண்டவாளத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். டேப்லெட் காணாமல் போனாலும் அதற்குக் கவலை இல்லை. ஜேஎம்ஆர்ஐ போன்றவற்றில் இதற்கு ஒரு காவல் உண்டு: டேப்லெட்டிடமிருந்து சத்தமே இல்லை என்றால் 10 விநாடி பார்த்துவிட்டு வண்டியை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடு, ஆனால் 10 விநாடி என்பது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 87-ல் ஒரு பங்கு அளவான எச்ஓ ரயில், நிஜத்தில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாக ஓடினால் விநாடிக்கு 19 சென்டிமீட்டர் போகும். 10 விநாடியில் ஏறக்குறைய 2 மீட்டர். பல லேஅவுட்டுகளில் 2 மீட்டரில் பாதையே முடிந்துவிடும்.

என் லேஅவுட்டில் இது நடந்திருக்கிறது. டேப்லெட்டை அலமாரியில் வைத்துவிட்டுத் தடம் புரண்ட ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கக் குனிந்தேன். திரை தானாகப் பூட்டிக்கொண்டது. கடவுச்சொல்லைத் தட்டித் திறந்து, செயலி மீண்டும் இணைவதற்குள் இரண்டாவது வண்டி சைடிங்கில் (பக்கத்து ஒதுக்குப் பாதையில்) நின்ற பெட்டிகளில் போய் மோதிவிட்டது. பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் ஒன்று முறிந்தது, நீராவி இன்ஜினின் முன் படிக்கட்டு உடைந்தது. அன்றே லேஅவுட்டின் விளிம்பில், கை போகும் இடத்தில், தண்டவாள மின்சாரத்தை வெட்டும் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றைப் பொருத்தினேன். அது வைஃபை இல்லாமல், திரை இல்லாமல் வேலை செய்யும். செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தப் பொத்தான் இல்லாமல் ஓட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி தொடர்பு அறுவதைக் குறைக்கும் வழி. ரயில் வைஃபைக்கு இணையம் தேவையில்லை. ஆனால் இணையம் இல்லாத வைஃபையைக் கண்டால் பல டேப்லெட்டுகள் அதைப் பழுது என்று நினைத்து, சத்தமில்லாமல் வேறு வைஃபைக்கோ மொபைல் டேட்டாவுக்கோ தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணையுங்கள், மற்ற வைஃபைகளில் தானாக இணைவதை நிறுத்துங்கள், "இணையம் இல்லை, இருந்தாலும் தொடரவா" என்று கேட்டால் சரி சொல்லுங்கள். திரை அணையாதபடி வையுங்கள். பேட்டரி சேமிப்பிலிருந்து ரயில் செயலிக்கு விலக்குக் கொடுங்கள்.

வீட்டில் எல்லோரும் வீடியோ பார்க்கும் ரவுட்டரிலேயே ரயிலையும் ஏற்றாமல், லேஅவுட்டுக்கென்று ஒரு பழைய ரவுட்டரைத் தனியாகப் போட்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள் ஒன்றோடொன்று முட்டாதவை. வீட்டு ரவுட்டர் 1-ல் இருந்தால் ரயிலுக்கு 6 அல்லது 11 வையுங்கள்.

இன்ஜின் அங்கங்கே திக்குகிறது. ஒலி டிகோடர் வேறு நடுவில் நின்று, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை மறுபடி முதலிலிருந்து போடுகிறது. வேறு செயலிக்கு மாறலாமா?

மாறாதீர்கள், செயலி மேல் குற்றமில்லை. வைஃபை அறுந்தால் வண்டி அதே வேகத்தில் தொடர்ந்து ஓடும் என்று மேலே பார்த்தோமே. திக்கி நின்று, சத்தம் மறுபடி ஆரம்பித்தால் டிகோடருக்கு மின்சாரமே ஒரு கணம் அற்றுப் போயிருக்கிறது என்று பொருள். சக்கரத்திலோ தண்டவாளத்திலோ அழுக்கு.

சக்கரத்தைத் துடைக்க நான் செய்வது இது. மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்றை இரண்டு தண்டவாளங்களின் மேலும் குறுக்காக விரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நாலைந்து துளி மட்டும் விட்டு நனைக்கிறேன். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது, அது எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இன்ஜினின் முன்பாதிச் சக்கரங்கள் தாளின் மேலும் பின்பாதிச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி வைத்து, இன்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட விடுகிறேன். சக்கரம் தாளில் வழுக்கிச் சுற்றும். சில விநாடியில் தூக்கிப் பார்த்தால் தாளில் மை தடவியதுபோல இரண்டு கரிய கோடுகள் இருக்கும். தாளை நகர்த்தி, கோடு வெளுக்கும் வரை செய்துவிட்டு, இன்ஜினைத் திருப்பி வைத்து மறுபாதியையும் துடைப்பேன். முதல்முறை செய்பவர்கள் இவ்வளவு அழுக்கோடா ஓடியது என்று அசந்துபோவார்கள். தண்டவாளத்தையும் அதே திரவம் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

துடைத்த பிறகும் ஒரே இடத்தில் திக்கினால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. தண்டவாளங்களை இணைக்கும் சின்னத் தகடுகளை மட்டும் நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். பலகைக்கு அடியில் தடித்த கம்பி இரண்டு ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்திலாவது தண்டவாளத்துக்குக் கிளைக் கம்பி கொடுங்கள். கம்பி போதுமா என்று பார்க்க ஒரு நாணயம் போதும். பாதையின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளங்களையும் தொடும்படி அதை வையுங்கள். ஸ்டேஷன் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டாமல் யோசித்தால் நாணயத்தை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் கம்பியைத் தடிமனாக்குங்கள். அதே ஷார்ட் நாளை ஒரு பாயின்ட்டில் (பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்) தடம் புரண்ட சக்கரத்தால் வரும். அப்போது ஸ்டேஷன் வெட்டவில்லை என்றால் பிளாஸ்டிக் உருகும்.

திரையில் பாயின்ட் வளைவுக்குத் திரும்பியதாகக் காட்டுகிறது. வண்டி நேராகப் போகிறது.

திரை காட்டுவது உங்கள் கடைசிக் கட்டளையை. பாயின்ட் உண்மையில் எப்படி நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஜல்லித் துகள் ஒன்று பாயின்ட்டின் நகரும் நாக்கில் சிக்கியிருந்தாலும் திரையில் படம் மாறத்தான் செய்யும். தெரிய வேண்டுமானால் பாயின்ட் மோட்டாரிலிருந்து நிலையைத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் மாட்யூல் வைக்க வேண்டும்.

நீங்கள் தொடுகிற பாயின்ட்டுக்குப் பதில் வேறொன்று திரும்பினால் எண்ணில் 4 கூட்டியோ கழித்தோ பாருங்கள். பாயின்ட் எண்களை நான்கு நான்காகச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். முதல் நான்கை எங்கிருந்து எண்ணுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. இசட்21-ல் இதை மாற்ற ஓர் அமைப்பே இருக்கிறது.

வளைந்து வந்து தன் பாதையிலேயே சேரும் லூப்பில் வண்டி ஏறியதும் எல்லாமே நின்றுவிடுகிறது.

இடது தண்டவாளம் சுற்றி வந்து வலது தண்டவாளத்தோடு சேர்வதால் ஷார்ட் ஆகிறது. லூப்பின் இரண்டு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட்டு, லூப்பின் மின்சாரத்தை மின் திசையைத் தானாக மாற்றும் ஒரு ஆட்டோ ரிவர்சர் வழியாகக் கொடுங்கள். உங்கள் மிக நீளமான வண்டியை விட லூப் நீளமாக இருக்கட்டும். செயலியில் எதையும் மாற்ற வேண்டாம்.

என் பேத்திக்கு ஆறு வயது. டேப்லெட்டைக் கொடுத்தால் ஸ்லைடரை ஒரே இழுப்பில் கடைசிக்குத் தள்ளிவிடுகிறாள், வண்டி வளைவில் கவிழ்கிறது. என்ன செய்யலாம், ஐயா?

அவள் மேல் தப்பில்லை. குமிழைத் திருகும்போது விரலுக்கு ஓர் அழுத்தம் தெரியும், கண்ணாடியில் எதுவும் தெரியாது. பெரியவர்களுக்கே அது கடினம். நான் ஷன்டிங் (பெட்டிகளை இங்கும் அங்கும் நகர்த்திச் சேர்ப்பது) செய்யும்போது ஸ்லைடரைத் தொடுவதே இல்லை. ஆண்ட்ராய்டில் இன்ஜின் டிரைவர் என்ற செயலியில் டேப்லெட்டின் வால்யூம் பொத்தான்களையே வேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கண் வண்டியின் மேலேயே இருக்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம்தான் ஏறும். பேத்திக்கும் அதையே கொடுத்துப் பாருங்கள்.

அவளுக்கென்று ஒரு இன்ஜினை ஒதுக்கி, அதன் சிவி 5-ல் உச்ச வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். அப்புறம் அவள் எவ்வளவு தள்ளினாலும் வளைவில் கவிழாது. சிவி 3-ஐக் கொஞ்சம் கூட்டினால் வண்டி கனத்தோடு மெல்லக் கிளம்பும், நிஜ ரயில் போலவே. வண்டி நிற்க எடுக்கும் நேரத்தை நீட்டும் சிவி 4-ஐ மட்டும் அதிகம் கூட்டாதீர்கள். நிறுத்து என்றால் உடனே நிற்பதைத்தான் குழந்தை எதிர்பார்க்கும். டேப்லெட்டில் அந்தச் செயலியை விட்டு வெளியே போகாதபடி பூட்டிவிடலாம். ஐபேடில் அதற்கு வழிகாட்டப்பட்ட அணுகல் என்றும், ஆண்ட்ராய்டில் செயலியைப் பின் செய்வது என்றும் பெயர்.

முதல் நாள் பெட்டி எதுவும் இணைக்காமல் வெறும் இன்ஜினை மட்டும் கொடுங்கள். பாதையில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அதைத் தொடாமல் ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். சிவப்புப் பொத்தானையும் அன்றே காட்டி, எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம், யாரும் திட்ட மாட்டோம் என்று சொல்லிக்கொடுங்கள்.