ஒதுக்கிப் போட்ட பெட்டியிலிருந்து ஒரு புதுத் தாளம்: இசை வகைகள் குறித்துக் கேள்வி பதில்

வெகுஜன இசையில் புதிது புதிதாக முளைக்கும் வகைகளைப் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக இவற்றைத் தேடித் தேடிக் கேட்டுக் குறிப்பெடுத்து வருகிறேன். அதனால் சில இடங்களில் என் கருத்தையும் அழுத்தியே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு பாட்டு எல்லா இடத்திலும் ஒலிப்பது வேறு, புது இசை வகை உருவாவது வேறு என்கிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். ஒரே ஊரில், ஒருவருக்கொருவர் முகம் தெரிந்த பத்துப் பதினைந்து பேர், ஒரே தாளத்தை ஆளுக்கொரு விதமாக மாற்றிச் செய்துகொண்டிருக்கிறார்களா? அப்படியென்றால் அங்கே ஒரு வகை பிறக்கிறது. ஒரே பாட்டை ஆயிரம் பேர் நகல் எடுத்தால் அது அலை. ஆறு மாதத்தில் வடிந்துவிடும்.

ஹவுஸ் என்ற நடன இசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதே ஊரில் வேர்ஹவுஸ் என்ற நடனக்கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே அந்த டிஸ்கோவையே நீட்டி, வெட்டி, ஒட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். வெளியே அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அந்தக் கூடத்தின் பெயரின் வால்தான் ஹவுஸ். முதலில் கூட்டமும் தாளமும் சேர்ந்தன. பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: புது இசை ஏன் எப்போதும் வசதி இல்லாத பகுதிகளிலிருந்தே வருகிறது? வறுமைக்கும் இசைக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

வறுமையை அப்படிப் புகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சம்பந்தம் கருவியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தது. நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 மட்டுமே செய்து 1983-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அதன் தம்பியான டிபி-303-இன் கதை இன்னும் மோசம். தனியாக கிட்டார் பயிற்சி செய்பவருக்குத் துணையாக பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள், வாசிக்கச் செய்யப்பட்ட பெட்டி அது. துணை வாசிப்பு எடுபடவில்லை. 1984-ல் அதற்கும் மூடுவிழா.

இரண்டும் பழைய பொருள் விற்கும் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. காசு இல்லாத இளைஞர்கள் கைக்கு எட்டியது அங்கேதான். சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு ஒரு 303-ஐ வாங்கி, அது வாசித்துக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகிப் பார்த்தது. பேஸ் வாசிக்க வேண்டிய பெட்டி நெளிந்து, கீச்சிட்டு, அலறியது. அதை அப்படியே பதிவு செய்து 1987-ல் வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து வந்தது. 808-இன் அடிவயிற்றைத் தொடும் ‘பூம்’ ஒலியோ அட்லாண்டாவின் டிராப் என்ற ராப் வகைக்கு முதுகெலும்பானது. இன்று நீங்கள் கேட்கும் ராப் பாடல்கள் பலவற்றில் அந்தப் பெட்டியின் சாயல் இருக்கும்.

விலை உயர்ந்த ஸ்டுடியோவில் கருவியை எதற்குச் செய்தார்களோ அதற்குத்தான் பயன்படுத்துவார்கள், மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறதே. வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து தப்புத் தப்பாக வாசித்துப் பார்க்க நேரம் இருப்பவனுக்குத்தான் அந்த அலறல் கிடைக்கும்.

கேள்வி: என் மகன் கேட்கும் பாடல்கள் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. முன்னிசை இல்லை, இடையிசை இல்லை, சரணம் ஒன்றோடு சரி. இசை தேய்ந்துகொண்டே போகிறது என்று வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வருத்தம் புரிகிறது. எனக்கும் நீளமான முன்னிசை பிடிக்கும். ஆனால் பாட்டின் நீளத்தைப் பெரும்பாலும் அது பயணம் செய்யும் வண்டிதான் முடிவு செய்து வந்திருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதனால் பாட்டும் மூன்று நிமிடம். 1970-களில் நடனக்கூடங்களுக்காக 12 அங்குல சிங்கிள் வந்தது, பாட்டு எட்டு நிமிடம் ஆனது.

இப்போது வண்டி ஸ்ட்ரீமிங். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடக் கூடாது. ஆகவே பல்லவி முன்னால் ஓடி வருகிறது. அமெரிக்காவில் முதல் பத்து இடங்களைப் பிடித்த பாடல்களை ஒருவர் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார். 1980-களின் நடுவில் இருபது விநாடிக்கு மேல் இருந்த முன்னிசை, 2015 வாக்கில் ஐந்து விநாடியாகச் சுருங்கியிருந்தது.

ஒன்று செய்யுங்கள். மகனுடைய பாட்டை ஹெட்போனில் போட்டு, குரலை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் கேளுங்கள். முன்பு இடையிசையில் செலவான கற்பனை இப்போது ஒலியின் தன்மையிலேயே செலவாகிறது. ஒரே ஒரு டிரம் அடிக்குள் நான்கு ஒலிகள் அடுக்கப்பட்டிருக்கும். அவனிடமே கேட்டால் எந்த அடுக்கு எங்கே என்று சொல்வான்.

கேள்வி: ரெகேடோன் பாடல்கள் எல்லாமே ஒரே பீட்டில் இருக்கிறதே? எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

இல்லை, உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் தட்டுங்கள். அதுதான் டெம்பௌ (dembow) என்று அழைக்கப்படும் அந்த பீட். அடியில் கிக் டிரம் சீராக நடந்துகொண்டிருக்கும். மேலே இந்த 3-3-2 இழுத்துக்கொண்டு போகும். கால் ஒரு கணக்கில், இடுப்பு இன்னொரு கணக்கில் அசைவது இதனால்தான்.

அந்த பீட்டின் பெயர் 1990-ல் ஷப்பா ராங்க்ஸ் பாடிய ஒரு ஜமைக்கப் பாடலிலிருந்து வந்தது. அந்தத் தாளத்தின் மூலத்தை அதற்கு முந்தைய ஆண்டே செய்தவர்கள் ஸ்டீலி, கிளீவி என்ற ஜமைக்க இரட்டையர். பனாமா கால்வாய் வேலைக்குப் போன கரீபியத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் ஸ்பானிஷ் மொழியில் ரெகே பாடத் தொடங்கினார்கள். அது போர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், கேசட்டுகளில் கைமாறிக் கைமாறி ரெகேடோனாக வளர்ந்தது. 1995-ல் அங்கே போலீஸ் கடைகளுக்குள் புகுந்து அந்த கேசட்டுகளைப் பறிமுதல் செய்தது. ஒழுக்கக் கேடு என்பது குற்றச்சாட்டு. இன்று அதே இசை அந்தத் தீவின் அடையாளம்.

தங்கள் தாளத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினார்கள் என்று ஸ்டீலி-கிளீவி தரப்பு 2021-ல் வழக்குத் தொடுத்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். ஒரு தாளத்துக்கு உரிமை கோரலாமா என்பது கடினமான கேள்விதான். கோரினால் அடுத்த தலைமுறைக்குக் கதவு அடைபடும் என்கிறார்கள். எனக்கு அந்த பயம் உண்டு. ஆனாலும் முதலில் வாசித்தவர் பெயராவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அதற்குக் காரணம் இன்னொரு கதை. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ஒரு பாட்டின் நடுவில், கிரெகரி கோல்மன் என்பவர் சுமார் ஆறு விநாடி தனியாக டிரம் வாசித்தார். ‘ஆமென் பிரேக்’ என்று பெயர் பெற்ற அந்த ஆறு விநாடியை வெட்டி, வேகமாக்கி, கலைத்து அடுக்கித்தான் 1990-களில் பிரிட்டனில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வகைகளே எழுந்தன. ஆயிரக்கணக்கான பாடல்களில் அது இருக்கிறது. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006-ல் இறந்தபோது அவருக்கு வீடுகூட இல்லை என்று அவர் குழுவின் தலைவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் சுமார் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். சட்டம் செய்யாததை ரசிகர்கள் கொஞ்சம் செய்தார்கள்.

கேள்வி: ஆஃப்ரோபீட், ஆஃப்ரோபீட்ஸ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆஃப்ரோபீட் என்பது நைஜீரியாவின் ஃபெலா குட்டியும் அவருடைய டிரம்மர் டோனி ஆலனும் 1960-களின் இறுதியிலிருந்து வளர்த்தது. பெரிய வாத்தியக் குழு, ஊதுகருவிகள், பதினைந்து இருபது நிமிடப் பாடல்கள், நேரடியான அரசியல். ஆஃப்ரோபீட்ஸ் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. நைஜீரியா, கானா நகரங்களின் பாப் இசைக்கு லண்டனில் பரவிய பொதுப்பெயர். விஸ்கிட், பர்னா பாய் போன்றோர் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள். பாட்டு மூன்று நிமிடம், பேச்சு பெரும்பாலும் காதல், நடனம். ஃபெலாவைக் கேட்காதவர்கள் ஒரு முறை பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஐந்து நிமிடம் அவர் பாடவே மாட்டார், அது பரவாயில்லை.

கேள்வி: அமபியானோ என்று அடிக்கடி கேள்விப்படுகிறேன். பியானோ இசையா அது?

பியானோ உண்டு, ஆனால் உயிர் அதில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்து டவுன்ஷிப்களில், அதாவது நகரோரக் கறுப்பினக் குடியிருப்புகளில், 2010-களில் உருவானது. ஜாஸ் சாயலுள்ள கீபோர்டு, அந்த நாட்டின் க்வைட்டோ, ஹவுஸ் எல்லாம் கலந்தது. வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 115 அடி வரை, நடந்துகொண்டே கேட்கலாம். உயிர் ‘லாக் டிரம்’ என்ற ஒலியில் இருக்கிறது. மரக்கட்டையைத் தட்டியது போலத் தொடங்கி பேஸ் போலக் கீழே இறங்கும். தாளமும் பேஸும் ஒரே ஒலிக்குள். கணினி மென்பொருளில் முன்பே இருந்த, யாரும் பெரிதாக மதிக்காத ஒலி அது. 808 கதை நினைவுக்கு வருகிறதா?

பெரிய நிறுவனமோ வானொலியோ இதைத் தூக்கிவிடவில்லை. பாடல் கோப்புகள் வாட்ஸ்அப்பில் கைமாறின, டாக்சிகளில் ஒலித்தன. ஆப்பிரிக்க இசைக்கென்று கிராமி விருதில் தனிப் பிரிவு 2024-ல்தான் முதன்முதலாக வந்தது. அதை வென்ற டைலாவின் பாட்டிலும் அமபியானோவின் சாயல் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: டிரில் அமெரிக்க இசையா, பிரிட்டிஷ் இசையா?

டிரில் ஒரு ராப் வகை. பிறந்தது சிகாகோவில், 2010-களின் தொடக்கத்தில். தெற்கு லண்டன் இளைஞர்கள் அதை எடுத்து, பேஸ் ஒலியைச் சறுக்க விட்டு, டிரம் அடிகளை இடம் மாற்றிப் போட்டார்கள். அப்புறம் நியூயார்க்கின் புரூக்ளின் ராப்பர்கள் அந்த லண்டன் பீட்டுகளை இணையத்தில் தேடி எடுத்துப் பாடினார்கள். புரூக்ளின் ராப்பர் பாப் ஸ்மோக்கும், லண்டனில் பீட் செய்து தரும் புரொடியூசர் 808மெலோவும் சேர்ந்தது அப்படித்தான். கடல் கடந்து போய், வேறு உருவில் திரும்பி வந்தது.

கேள்வி: ஆட்டோ-டியூன் வைத்துப் பாடுவது ஏமாற்று வேலை இல்லையா?

சுருதி தப்பியதை மறைக்கச் சத்தமில்லாமல் பயன்படுத்தினால் அது ஒரு வகை ஒப்பனை. அதில் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் வெளிப்படையாகப் பயன்படுத்துவது வேறு விஷயம்.

ஆண்டி ஹில்டிபிராண்ட் என்பவர் எண்ணெய் வளம் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குப் பொருத்தி 1997-ல் இந்த மென்பொருளை வெளியிட்டார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகத்தில் திருத்த வேண்டும் என்பதற்கு அதில் ஓர் அளவு உண்டு. அதைப் பூஜ்யத்தில் வைத்தால் நம் காதுக்குப் பழகிய கமகம் செத்துவிடும். வளைந்து போக வேண்டிய குரல் படிக்கட்டில் குதிக்கும். 1998-ல் ஷெர் பாடிய ஒரு பாட்டில் அந்தக் குதிப்பை வேண்டுமென்றே காட்டினார்கள். பிறகு டி-பெயின் அதையே தன் குரலாக்கிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், குரலை நிறைய வளைத்துப் பாடும் வட ஆப்பிரிக்காவின் ராய் என்ற இசை வகைப் பாடகர்கள் இதை மிகவும் விரும்பி ஏற்றார்கள். வளைவு அதிகமாக இருந்தால்தான் அந்தப் படிக்கட்டுகளும் மினுங்கும்.

கேள்வி: எது பிரபலம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தரவரிசைகளை நம்பலாமா?

எண்ணும் முறை மாறினால் வரிசையும் மாறும், அதை நினைவில் வைத்தால் போதும். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெகுகாலம் கடைக்காரர்களைக் கேட்டுத்தான் ஆல்பம் பட்டியல் போட்டது. எது விற்கிறது என்பதில் கடைக்காரரின் விருப்பமும் கலந்துவிடும். 1991 மே மாதத்தில் கல்லாவில் பார்கோடு வழியே பதிவான விற்பனையை எண்ணத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. நாட்டுப்புறச் சாயலுள்ள கன்ட்ரி இசையும் மேலே ஏறியது. மக்கள் ரசனை ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. முன்பே வாங்கிக்கொண்டிருந்தார்கள், கணக்கில் வரவில்லை.

கேள்வி: இனி செயற்கை நுண்ணறிவே பாட்டுப் போடும் என்கிறார்களே, புது வகைகள் பிறப்பது நின்றுவிடுமா?

இருக்கும் வகைகளைப் போலவே ஒலிக்கும் பாடல்கள் மலைபோல் குவியும். குவியத் தொடங்கியும் விட்டன. 2024-ல் பெரிய இசை நிறுவனங்கள், செயற்கை நுண்ணறிவால் பாட்டுப் போடும் சூனோ, யூடியோ இரண்டின் மீதும் வழக்குத் தொடுத்தது, தங்கள் பாடல்களைக் கேளாமல் எடுத்து அவற்றைப் பழக்கியதற்காக. ஏற்கெனவே கேட்டதிலிருந்து பொருத்தமானதைத் தருவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. யாரோ ஓர் இளைஞன் அதை எதற்குச் செய்தார்களோ அதற்கு மாறாகத் திருகி, அலற விட்டு, அதற்குப் பத்துப் பேர் ஆடத் தொடங்கினால் அன்றைக்கு நான் முதல் ஆளாகக் கேட்பேன்.

கேள்வி: இவ்வளவு வகைகளில் புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்குவது?

உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு பாட்டில் தொடங்குங்கள். முதல் முறை டிரம்மை மட்டும், இரண்டாம் முறை பேஸை மட்டும் கேளுங்கள். தாளத்தை வாயால் சொல்லிப் பாருங்கள். பிறகு அதன் புரொடியூசர் பெயரைப் பார்த்து, அவர் வேறு யாருக்கெல்லாம் இசை செய்திருக்கிறார் என்று தேடுங்கள். பாடகரைப் பின்தொடர்ந்தால் ஒரு ஆளோடு நின்றுவிடும். புரொடியூசரைப் பின்தொடர்ந்தால் ஓர் ஊரே திறந்துகொள்ளும். ஒரு மாதம் ஒரே ஊரில் இருங்கள், அடுத்த மாதம் அடுத்த ஊர்.